வலது பக்கத்துக் கட்டில்

மழை பெய்தால் அந்த ஆஸ்பத்திரியில் நெல் வாசனை வரும். பினாயிலையும் டிஞ்சரையும் ஓரம் தள்ளிவிட்டு, அவித்துக் காயப்போட்ட நெல்லின் வாசனை சுவருக்குள்ளிருந்து மெல்லக் கசியும். மெட்ராஸிலிருந்து வந்துபோகும் டாக்டர்கள் அதைப் பூஞ்சை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் நடுவில் யாரைக் கேட்டாலும், அந்த ஆண்கள் வார்டு ஒரு காலத்தில் நெல் மண்டியாக இருந்தது என்று சொல்வார்கள். போர்டில் என்னவோ நீளமான பேர் எழுதியிருக்கிறது. ஜனங்களுக்கு அது மண்டி ஆஸ்பத்திரி.

ஞானம்மாவுக்கு அந்த வாசனை பிடித்துப் போயிருந்தது. புருஷன் பாக்கியராஜ் கால் முறிந்து நாலாம் கட்டிலில் கிடந்தான். ரோலிங் மில்லில் இத்தனை வருஷம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு ஒரு கொப்புளம் வந்ததில்லை. வீட்டு வாசலில் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது, உள்ளே இருந்தவர்களிடம் கதை பேசிக்கொண்டே பின்பக்கமாக இறங்கி, சாக்கடைப் பள்ளத்தில் காலை விட்டான். எந்த வாய் அவன் காலை முறித்ததோ அந்த வாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. வார்டில் படுத்துக்கொண்டும் பேசிக்கொண்டே இருந்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வார்டு முழுக்கக் கண் செருகிவிடும். ஃபேன்கள் சோம்பலாகச் சுற்றும். கூரை ஓட்டுக்கு நடுவில் பதித்த கண்ணாடி வழியாக மழை வெளிச்சம் தண்ணீர் மாதிரி இறங்கித் தரையில் ஆடும். அந்த நேரத்தில் ஞானம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் விரல்கள் மட்டும் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டிக்கொண்டிருக்கும். ரெண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ரெண்டு தட்டு.

"இன்னாடி, கட்டில்ல கச்சேரி வெச்சிகினு கீறே?" என்பான் பாக்கியராஜ். வீட்டில் சோற்றுப் பானையில், பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில், மாதா கோயிலில் பெஞ்சின் முதுகில் என்று கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டுவரும் கச்சேரி அது. அவளுக்குத் தான் தட்டுவதே தெரியாது. சொன்னால் விரலை மடக்கிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் விரல் தானாக விரியும்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் சாப்பாடு கொண்டுவந்தாலும் தன் ஆளுக்கு ஒரு பங்கு, தன் ஆளின் வலது கைப் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பங்கு. படுத்திருப்பவரால் எழுந்து சாப்பிட முடியாவிட்டால் ஊட்டியும் விடவேண்டும். இதைப் பெரிய தத்துவம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது சமையல்கட்டு இல்லை, அவ்வளவுதான்.

ஆரம்பித்தவர் ஜோதிலட்சுமி என்ற டாக்டரம்மா. வியாபாரம் நொடித்துப்போன மண்டிக்காரர், காலி மண்டியில் எலி ஓடுவதற்கு நோயாளி படுக்கட்டுமே என்று அவரிடம் சாவியைக் கொடுத்தார். கயிற்றுக் கட்டில்களும் ஒரு கம்பவுண்டருமாக வைத்தியம் தொடங்கியது. சொந்தக்காரர் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள். கொண்டுவருவதில் மற்றவருக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று டாக்டரம்மா கேட்டுப் பார்த்தார். கொடுத்தார்கள், ஆனால் தன் தெருக்காரனா, தன் ஜனமா என்று விசாரித்துக் கொடுத்தார்கள். விசாரணையில் தேறாதவர்கள் மறுபடியும் ஓடுகளை எண்ணினார்கள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருநாள் வார்டு நடுவில் நின்று கத்தினாராம்: "இனிமேல் வலது கைப் பக்கத்துக் கட்டிலுக்குப் போடு. அங்கே யார் படுத்திருக்கிறான் என்று கேட்காதே. வலது கை எது என்று தெரியும் அல்லவா, அது போதும்." அதோடு பேரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்தினார். பேரைக் கேட்டால் ஊர் கேட்பார்கள், ஊரைக் கேட்டால் தெரு கேட்பார்கள். ஆகவே இரண்டாம் கட்டில், எட்டாம் கட்டில் என்று நம்பரே பேராகிவிட்டது.

அவர் காலமாகி எவ்வளவோ வருஷம் போய்விட்டது. அரிவாள் வெட்டும் பாம்புக்கடியுமாக வந்துகொண்டிருந்த ஜனம், வயல்கள் கம்பெனி ஷெட்டுகளாக மாறியபின் பிரஸ் மிஷினில் நசுங்கிய விரலோடும் மூச்சிரைப்போடும் வர ஆரம்பித்தது. பீகார்ப் பையன்கள் வந்தார்கள். கயிற்றுக் கட்டில் இரும்புக் கட்டிலானது. பின்னால் சமையல்கட்டு கட்டி, காலையில் இட்லியும் ராத்திரியில் கஞ்சியும் கொடுக்கிறார்கள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. மண்டி ஆஸ்பத்திரிக்குக் கேரியர் கட்டினால் ஒரு டப்பா கூடத்தான் வைக்கவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாக்கியராஜ் வந்த நாளில் அஞ்சாம் கட்டில் காலியாக இருந்தது. மழை வலுத்த அன்று காலையில் அதில் ஒரு ஆளைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். இரண்டு கண்ணுக்கும் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. மத்தியானம் ஞானம்மா கேரியரோடு உள்ளே நுழைந்தபோது போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதங்களைத்தான் முதலில் பார்த்தாள். படகின் விளிம்பைப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் தனியாக விலகிப்போன பாதங்கள். கேரியரைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

முனிகிருஷ்ணன். அவள் கூடப்பிறந்த அண்ணன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள் அவள். அப்போது பேர் முத்தம்மா. கிறிஸ்தவனான பாக்கியராஜைக் கட்டிக்கொண்டு ஞானம்மா ஆனாள். பாக்கியராஜின் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். காலனிக்காரன் வீட்டுக்குத் தங்கச்சி போய்விட்டாள் என்று குப்பம் கைகொட்டிச் சிரித்ததை முனிகிருஷ்ணனால் தாங்க முடியவில்லை. அம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி உயிருள்ளவரை அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். குப்பத்தில் மற்ற சத்தியத்தை மீறலாம், சூடம் அடித்த சத்தியத்தை மீறமுடியாது. ஒருமுறை பொன்னேரிச் சந்தையில் எதிரே வந்தவன், இவளைக் கண்டதும் சட்டென்று சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். இவள் தாண்டிப் போகும்வரை அப்படியே நின்றான். மகள் சோனியா பெரியவளானபோது தாய்மாமனுக்கென்று போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. இப்போது சோனியா காலேஜுக்குப் போகிறாள். மாமன் முகம் கறுப்பா சிவப்பா என்று அவளுக்குத் தெரியாது.

நர்ஸ் ஜெபாவை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினாள் ஞானம்மா. "என் கொரலக் கேட்டா அது சாப்புடாது சிஸ்டர். பட்டினியா கெடக்கும். அதுக்கு அவ்ளோ வீம்பு."

"அவர் ஊட்டம்மா போன் பண்ணாங்க," என்றாள் ஜெபா. "குப்பத்து ரோடு பூரா தண்ணியாம். பஸ்ஸு வர்லயாம். யாராலயும் வர முடியாது. ஏரியில மீன் இல்லன்னு வெல்டிங் வேலைக்கு ஹெல்ப்பரா போயிருக்காரு. வேர்க்குதுன்னு கண்ணாடியக் கழட்டிட்டு நெருப்பையே பாத்துக்கினு நின்னா கண்ணு இன்னா ஆவும்? புண்ணாயிருக்கு. ஆறிடும், ஆனா கட்டு அவுக்கற வரைக்கும் யார்னா ஊட்டித்தான் ஆவணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "நீங்க பேசாம ஊட்டுங்க. தொண்டை கட்டிக்கிச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

"எங்க ஊட்டுக்காரரு வாய இன்னா பண்றது?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியராஜ் மூணாம் கட்டில்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அதுதான் பெரிய பேஜாரு. அவன் காதில் விஷயத்தைப் போட்டபோது திறந்த வாய் திறந்தபடியே நின்றது. தங்கச்சி புருஷன் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்று தெரிந்தால் மச்சான் அந்தக் கண்கட்டோடு எழுந்து போனாலும் போய்விடுவான் என்பது அவனுக்கும் புரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவன் வாயை மூடினான். கால் முறிந்த வலியைக்கூட அவன் அவ்வளவு கஷ்டப்பட்டுத் தாங்கவில்லை என்று பிற்பாடு வார்டே சொன்னது.

ஞானம்மா அஞ்சாம் கட்டிலருகே உட்கார்ந்தாள். அன்று மடவை மீன் குழம்பு. முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு பிசைந்து, வாயருகே கொண்டுபோனாள். முனிகிருஷ்ணன் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான்.

"யாரு?"

"நாலாம் கட்டில் ஊட்டம்மா," என்றாள் ஜெபா. "அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கினு கீது. பேச மாட்டாங்க. இங்க இதான் வழக்கம், தெரியும்ல?"

"தெரியும். எங்க நைனா இங்கதான் செத்துப் பூட்டாரு," என்றான் அவன். பிறகு வாயைத் திறந்தான்.

அவன் மெல்லுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடியெல்லாம் நரைத்திருந்தது. கழுத்து வற்றிப் போயிருந்தது. எந்த முகம் சந்தையில் சுவரைப் பார்த்து நின்றதோ அதை இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அழுகை நெஞ்சை அடைத்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்று ஜெபா சொன்ன பொய் மெய்யாகிவிட்டது.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவளுக்கு எல்லாம் ஒரே நாளாகத்தான் நினைவிருக்கின்றன. மழை விடவில்லை. காலையில் எழுந்து, மார்க்கெட்டில் கிடைத்த மீனை வாங்கி, குழம்பு வைத்து, கேரியர் கட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும் பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள். நெல் வாசனை. தண்ணீர் வெளிச்சம். திறக்கும் வாய். ஊட்டி முடித்ததும் முந்தானையால் அவன் வாயைத் துடைப்பாள். அவன் நன்றி என்றோ நல்லாயிருக்கு என்றோ ஒன்றும் சொல்லமாட்டான். கையை மட்டும் கும்பிடுவதுபோலத் தூக்கிக் காட்டுவான். வார்டு முழுக்க விஷயம் பரவியிருந்தது. பத்தாம் கட்டில் தாத்தாகூட இவர்களைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அப்படி நடப்பதற்கு ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் நடந்தார்.

மத்தியானம் எல்லோரும் தூங்கியபின் அவள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன். இரண்டு பேரின் மூச்சும் மாறி மாறிக் கேட்கும். கண் சொக்கிக்கொண்டு வரும். கண்ணாடி ஓட்டு வழியாக இறங்கிய வெளிச்சம் மெல்ல உயர்ந்து கட்டில் கால்களை மூடும். பிறகு கட்டில்கள் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பிக்கும். ஏரி உள்ளே வந்துவிட்டது என்று அவள் நினைப்பாள், அதில் ஆச்சரியமே இருக்காது. தூரத்தில் ஜன்னல் ஓரமாகப் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். நைனா படகின் பின்னால் கழி ஊன்றிக்கொண்டு நிற்பார். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் வலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பான். சின்னப் பெண்ணான அவள் படகின் பலகையில் கட்டையால் தட்டுவாள். ரெண்டு தட்டு, இடைவெளி, ரெண்டு தட்டு. சத்தத்துக்குப் பயந்து மடவை மீன்கள் துள்ளித் துள்ளி வலைக்குள் போகும். மீன் சேர்ந்துவிட்டால் அண்ணன் வந்து படகின் பக்கத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவான். போதும், வந்துவிட்டது, இழுக்கலாம் என்று அர்த்தம். கனவில் அவள் தட்டிக்கொண்டே இருப்பாள். அந்த ஒற்றைத் தட்டு மட்டும் வராது. வருவதற்குள் தொழிற்பேட்டையின் ஷிஃப்ட் சங்கு ஊதி விழித்துக்கொள்வாள்.

ஒருநாள் அப்படி விழித்தபோது ஜெபா முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "நாளைக்குக் காலைல கண் டாக்டர் வராரு. கட்டு அவுத்துருவாங்க."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஞானம்மாவோ பதறி எழுந்து ஜெபாவை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாளை மத்தியானம் கேரியரோடு வந்து நின்றால் அவன் கண் திறந்திருக்கும். ஒன்று, பார்ப்பான். இல்லாவிட்டால் சந்தையில் செய்ததுபோலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். இந்த வார்டு முழுக்கப் பார்க்க, இத்தனை நாள் ஊட்டிய கைக்கு முன்னால் முதுகைக் காட்டுவான். சந்தையில் நடந்ததை அவள் தாங்கிக்கொண்டாள். இன்னொரு தடவை நடந்தால் தன்னிடம் அண்ணன் என்று நினைத்துக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது என்று அவளுக்குத் தோன்றியது.

"சிஸ்டர், எங்க ஊட்டுக்காரர வேற கட்டிலுக்கு மாத்திடுங்க," என்று கெஞ்சினாள். "வேற யார்னா அதுக்குப் போடட்டும். நான் ஊட்டுனதாவே தெரிய வாணாம். வாயில வெச்சது வயித்துக்குப் பூட்ச்சி, அது போதும் எனக்கு."

"இங்க கட்டில் மாத்தற பழக்கம் இல்லையேம்மா," என்றாள் ஜெபா. "மண்டபத்துக்காரரு கத உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன. அந்தக் கதை தெரியாமல் இந்த வார்டில் யாரும் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. டாக்டரம்மா காலத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மனுஷர் கால் புண்ணோடு வந்தார். இடது பக்கத்தில் படுத்திருந்தவன் அவர் வயலில் வேலை செய்கிறவன். அவன் பெண்டாட்டி வழக்கப்படி கேழ்வரகுக் கூழை இவர் பக்கமாகவும் நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டிலை மாற்றச் சொன்னார். கட்டில் மாறாது, வேண்டுமானால் ஆஸ்பத்திரியை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. அந்த வாரம் ஆற்றில் வெள்ளம் வந்து அவர் வீட்டு வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது. பசியோடு அவர் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்தார் என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. கடைசியில் கூழைக் குடித்துவிட்டு அழுதார் என்று சிலர் சொல்வார்கள். இன்னொரு குவளை கேட்டார் என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் நம்புவேன். பிறகு அவர்தான் முன்பக்க மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தார், அதில்தான் இன்றைக்கும் ஓ.பி. சீட்டு கொடுக்கிறார்கள்.

"அவரு கூழ்தான குடிச்சாரு," என்றாள் ஞானம்மா. "எங்க அண்ணன் சூடம் அடிச்சிருக்குது."

ஜெபா ஞானம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கேரியரை சோனியாவிடம் கொடுத்து அனுப்பிவிடலாமா என்று யோசித்தாள். அவளைத்தான் மாமனுக்குத் தெரியாதே. கேரியரைக் கட்டி மகள் கையில் கொடுத்தும் விட்டாள். சோனியா வாசல் தாண்டுவதற்குள் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். பயந்தாலும் போவது நான்தான் என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

வார்டு வாசலில் ஜெபா காத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "காலைலயே கட்டு அவுத்தாச்சு. டாக்டர் கேட்டதுக்கெல்லாம் கண்ணத் தொறந்து கரெக்டா சொன்னாரு. பார்வை நல்லா கீது. டாக்டர் போனதும் கண்ண மூடுனவருதான். இன்னும் தொறக்கல. வலிக்குதான்னா இல்லன்றாரு. தூங்கறீங்களான்னா அதுவும் இல்லன்றாரு."

ஞானம்மா உள்ளே போனாள். அஞ்சாம் கட்டிலில் முனிகிருஷ்ணன் மல்லாந்து படுத்திருந்தான். கட்டு இல்லை. கண்ணைச் சுற்றித் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இமைகளை இறுக்கி மூடியிருந்தான். நாலாம் கட்டிலில் பாக்கியராஜ் போர்வையை வாய்வரை இழுத்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து தட்டில் போட்டாள். குழம்பு வாசனை எழுந்தது. சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள்.

முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தான். கண்ணைத் திறக்கவில்லை.

கை பாதியில் நின்றுவிட்டது. அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. தெரிந்திருக்கிறது. இன்றைக்கோ நேற்றைக்கோ இல்லை, முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. கட்டு இருந்தவரை பார்க்கவில்லை, அதனால் சத்தியம் உடையவில்லை. கட்டுப் போனதும் இமையையே கட்டாக்கிக்கொண்டான். சத்தியமும் இருக்கும், தங்கச்சி கைச்சோறும் இருக்கும். சந்தோஷம் வரும் முன்னால் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்துக் கோபமும் அந்த ஒரு கவளத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அதைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"கண்ண மூடிக்கினு நீ துன்றதுக்கு நான் இன்னா களவாணியா?" என்றாள் சத்தமாக. வார்டு மொத்தமும் விழித்துக்கொண்டது. "இத்தினி நாளு கட்டு இருந்திச்சு, ஊட்டுனேன். இப்ப இன்னா கீது? கண்ணத் தொறந்தா ஊட்டறேன். இல்லன்னா இந்தச் சோத்த நாய்க்குப் போட்டுட்டுப் போறேன்."

முனிகிருஷ்ணன் இமைகளை இன்னும் இறுக்கினான். "சூடம் அடிச்சு சொல்லிட்டேனே, முத்து."

முத்து. அந்தப் பேரைச் சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். அதைக் கேட்டும் அவள் இளகிவிடவில்லை, அதற்காக அவளைப் பாராட்ட வேண்டும். "சூடம் அடிச்சப்ப எனக்கு வயசு இன்னா, உனக்கு வயசு இன்னா? அம்மன் அதையே பிடிச்சிக்கினா உக்காந்திருக்கா? எப்போ தெரிஞ்சிது உனக்கு?"

"மொத நாளே."

"எப்பிடி?"

"நைனாவோட படகுல தட்டுவியே, அதே தட்டு," என்றான் அவன் கண்ணை மூடியபடி. "இந்தக் கம்பில தட்டிக்கினே இருந்தியே. வேற எவளும் அப்பிடித் தட்ட மாட்டா. இருட்டுல கெடந்தேன் முத்து. நீ தட்டுனா ஏரியே தெரிஞ்சிது. கட்டு அவுக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினு கெடந்தேன். நான் இன்னா மனுசன் சொல்லு?"

மூடிய இமைகளின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் ஓடியது. ஞானம்மா தன் விரல்களைப் பார்த்தாள். அவை கட்டிலின் இரும்புச் சட்டத்தின்மேல் இருந்தன. அவளுக்குத் தெரியாமலே தட்டிக்கொண்டிருந்தன. ரெண்டு தட்டு, இடைவெளி, ரெண்டு தட்டு. இந்தமுறை அவள் விரலை மடக்கவில்லை. தெரிந்தே தட்டினாள். மழை நின்றிருந்தது. ஓட்டுக் கண்ணாடியிலிருந்து வெயில் நேராக இறங்கி இரண்டு கட்டிலுக்கும் நடுவில் விழுந்தது. ஃபேன் சத்தத்தைத் தவிர அந்தத் தட்டு மட்டும்தான் வார்டில் கேட்டது.

முனிகிருஷ்ணனின் கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. சூடம் அடித்த அதே வலது கை. சட்டத்தைத் தடவித் தேடி, அவள் விரல்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

அவன் கண்ணைத் திறந்தான்.

வெளிச்சத்தில் முதலில் கூசியது. சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தான். நெற்றியிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து காது என்று கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தை அசைக்காமல் காட்டிக்கொண்டிருந்தாள். தாங்க முடியாத சந்தோஷம் அது.

"நரைச்சிப் பூட்டியே முத்து," என்றான்.

"உன்ன நெனச்சி நெனச்சித்தான்," என்றாள் அவள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைக்கப்போனவளை அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். மறைக்க வேண்டாம் என்பதுபோல.

"ரோடு தண்ணி வடிஞ்சதும் குப்பத்துக்கு வா," என்றான். "மச்சானையும் பொண்ணையும் இட்டாந்துரு. அம்மன் வாசல்ல நானே இன்னொரு சூடம் ஏத்தறேன். தப்புன்னு கும்புட்டுக்கறேன். தாயி ஏத்துக்குவா."

அதுவரை தாங்கியதே பெரிது. நாலாம் கட்டிலிலிருந்து போர்வை பறந்தது. "மச்சான்! நான் இங்கதான் கீறேன் மச்சான்! இத்தினி நாளா வாயக் கட்டிக்கினு கெடந்ததுல கால் வலியே மறந்து பூட்ச்சி. உங்க தங்கச்சி என்னா மெரட்டு மெரட்டுனா தெரியுமா? மொத மொத உங்களப் பாத்தப்போ..." என்று ஆரம்பித்தான் பாக்கியராஜ். அதன்பிறகு அவனை நிறுத்த ஜெபாவாலும் முடியவில்லை.

ஞானம்மா தட்டை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். சோறு ஆறிவிட்டது. கவளத்தைப் பிசைந்து, முள் இருக்கிறதா என்று ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். முனிகிருஷ்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தான்.